பேசினான் என்று ஒரு வரி

மாதந்தோறும் முதல் வாரத்தில், நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றிலுள்ள சிறப்புப் பள்ளியிலிருந்து, அங்குப் பயிலும் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒற்றைத் தாள் ஒன்று போய்ச் சேருகிறது. ஆட்டிசம் உடைய பிள்ளைகளுக்கான பள்ளி அது. தாளின் முதற் பக்கம் எல்லா வீட்டுக்கும் பொதுவானது. பள்ளி வேன் புறப்படும் நேரம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மருத்துவ முகாம் நடக்கும் நாள், பேச்சுப் பயிற்சியாளர் வரும் கிழமைகள், பெற்றோர் கூட்டம், விடுமுறை முதலியவை அதில் இருக்கும். மறுபக்கம் அச்சிடப்படுவதில்லை. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அந்த அந்த வீட்டுக்கு மட்டும் ஆசிரியை தம் கையால் இரண்டு மூன்று வரி எழுதி அனுப்புகிறார். இட்லியைத் தானே பிட்டு உண்டான். கைகழுவும் வரிசையில் யாரையும் தள்ளாமல் நின்றாள். செருப்பை வலம் இடம் மாறாமல் மாட்டிக்கொண்டான். இவைதாம் செய்திகள். அடியில் 'வீட்டுச் செய்தி' என்ற தலைப்பின் கீழ்ச் சிறிது இடம் விடப்பட்டிருக்கும். பெற்றோர் அதில் எழுதித் திருப்பி அனுப்பலாம். பலர் வெறுமனே கையெழுத்திட்டு அனுப்பிவிடுகின்றனர்.

இந்தத் தாளை நமக்குக் காட்டியவர் அப்பள்ளியின் ஆசிரியைகளுள் ஒருவர். நமது அன்பியத்தைச் சேர்ந்தவர். சென்ற ஆண்டு ஒரு தாய் அவரிடம் வைத்த வேண்டுகோள் ஒன்று அவரைப் பல நாள் உறங்கவிடவில்லை. அதைப் பற்றி நம்மிடம் கருத்துக் கேட்க வந்தார். அந்தத் தாயின் இசைவோடுதான் இதை இங்கு எழுதுகிறோம். ஆயினும் சிறுவனின் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறோம். அவனிடம் இசைவு கேட்கும் வழி நமக்கு இன்னும் தெரியவில்லை.

சிறுவனுக்கு ஒன்பது வயது. தந்தை திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி ஒன்றில் வேலை செய்பவர். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வண்டி எங்குப் போகிறதோ அங்கெல்லாம் அவரும் போகவேண்டும். பொங்கலுக்கும், வடக்கே மழை பிடித்து வண்டி நிற்கும் காலத்திலும் மட்டுமே வீடு வருவார். தாய் விசைத்தறிக்குப் போகிறார். தாள் வந்த அன்று இரவு தாய் அந்த வரிகளைத் தொலைபேசியில் கணவருக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அவர் பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "பேசினானா?"

நான்கு ஆண்டுகள் இப்படியே சென்றன. வேன் கட்டணமும், பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் நாளில் இழக்கும் தறிக்கூலியும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் பாரமாயின. இனி எதற்கு அந்தப் பள்ளிக்கூடம் என்ற பேச்சு எழுந்தது. அந்த நிலையில்தான் தாய் ஆசிரியையிடம் வந்து கேட்டார்: "டீச்சர், பேசினான்னு ஒரு வரி மட்டும் எழுதிப் போடுங்க. அவங்கப்பாவுக்கு அது போதும்."

ஒரு வரி. ஒரு சிறுவனின் கல்வி அதனால் தொடரும். தொலைவில் புழுதியில் நிற்கும் ஒரு மனிதருக்கு அன்றிரவு உறக்கம் வரும். எழுதலாமா, கூடாதா?

அந்தத் தந்தையை நாம் எளிதில் குறை சொல்லிவிடக் கூடாது. அவர் வாழும் மண்ணை எண்ணிப் பார்க்கவேண்டும். சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குப் பேருந்தில் செல்வோருக்குத் தெரியும், சாலையோரம் எத்தனை விளம்பரப் பலகைகள் என்று. பிள்ளைகளின் முகங்கள், முகங்களுக்குக் கீழே மதிப்பெண்கள். தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளை இந்தச் சமவெளியின் விடுதிப் பள்ளிகளில் கொண்டுவந்து சேர்த்தது அந்த எண்களை நம்பித்தான். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017ஆம் ஆண்டில் கைவிட்டது. ஆனால் பிள்ளையைப் பற்றிய செய்தி என்றால் அது ஓர் எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்ற பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. அந்தத் தந்தை எண் கேட்கவில்லை, ஒரு சொல்தான் கேட்டார். ஒரு வகையில் அவருடைய ஆசை நம்முடையதைவிடச் சிறியது.

பொய் சொல்லலாமா என்ற கேள்வி எழும்போது தமிழ்க் கிறித்தவர்களாகிய நாம் இரு ஆசான்களுக்கு நடுவே நிற்கிறோம். வள்ளுவர் வாய்மை என்னும் அதிகாரத்திலேயே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறார்: சிறிதும் குற்றம் கலவாத நன்மை விளையுமானால் பொய்யையும் மெய்யின் வரிசையில் வைக்கலாம் என்பது அவர் கருத்து. புனித அகுஸ்தீனாரோ அந்த வாயிலை அடைத்துவிடுகிறார். பொய்யைப் பற்றி அவர் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று ஏறத்தாழ 395இல், மற்றொன்று 420ஐ ஒட்டி. முதல் நூலில் பொய்யை எட்டு வகையாகப் பிரித்து, யாருக்கும் தீங்கில்லாமல் ஒருவருக்கு நன்மை தரும் பொய்யையும் அதில் சேர்த்து, எதுவும் ஆகாது என்றார். இரண்டாம் நூலில் ஒரு தந்தை வருகிறார். அவர் கொடிய நோயில் கிடக்கிறார். அவருடைய மகன் இறந்துவிட்டான். அந்தச் செய்தியைத் தாங்கும் வலு அவருக்கு இல்லை. மகன் உயிரோடு இருக்கிறானா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? இந்த இடத்தில் தாமும் மனிதர்தாம் என்றும், இரக்கம் தம்மை அசைக்கிறது என்றும் அகுஸ்தீனார் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பின்னும் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. உதவும் பொருட்டுச் சொல்லும் பொய் சிறு குற்றமே என்று பிற்காலத்தில் புனித தோமா அக்குவினார் சற்று இளகினார். குற்றமே இல்லை என்று அவரும் சொல்லவில்லை.

நாம் முதலில் வள்ளுவர் பக்கம்தான் சாய்ந்தோம். அந்தத் தாயின் முகத்தை நேரில் பார்த்தவர்கள் வேறு எப்படிச் சாய முடியும்? ஆனால் ஆசிரியை நம்மிடம் ஒன்று கேட்டார்: "பொங்கலுக்கு அவர் வருவாரே, அப்போது?" வருவார், மகனை மடியில் இருத்தி, பேசு என்பார். மகன் பேசமாட்டான். அப்போது அந்த வரி என்ன செய்யும்? பள்ளியில் பேசுகிறவன் என்னிடம் பேச மறுக்கிறான் என்றாகிவிடும். ஒன்பது வயதுச் சிறுவன், தான் செய்யாத ஒன்றுக்காகத் தந்தையின் மனத்தில் குற்றவாளியாக நிற்பான். வள்ளுவர் கேட்ட குற்றமற்ற நன்மை இங்கே கிடைக்கவில்லை. வாயில் திறந்துதான் இருக்கிறது. இந்தப் பொய் அதன் வழியே நுழைய முடியவில்லை.

ஆட்டிசம் உடையோரின் குடும்பங்களுக்குப் பொய்ச் செய்தி புதிதன்று. அது அவர்களுக்கு நேர்ந்த வரலாறு. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்த நிலை முதன்முதலில் தெளிவாக விவரிக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் மருத்துவ உலகின் பார்வை பெற்றோர் மீது, குறிப்பாகத் தாயர் மீது விழுந்தது. தாயின் அன்பு குளிர்ந்துபோனதால் குழந்தை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்றார்கள். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் இந்தக் கருத்தை ஊரெங்கும் பரப்பியது. இத்தனைக்கும், ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்டு, இது உடலமைப்பைச் சார்ந்த நிலை என்று 1964லேயே ஒரு நூலில் வாதிட்டிருந்தார். 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் எழுந்து நின்ற கேனர், உங்களை நான் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற பொருள்பட அறிவித்தார். அந்த இடைக்காலத்தில் எத்தனை தாயர் தங்களையே சபித்துக்கொண்டு வாழ்ந்திருப்பார்கள்! மூளை வளரும் விதத்திலேயே உண்டாகும் வேறுபாடு இது, பெரும்பாலும் மரபணுக்களைச் சார்ந்தது என்பது இன்று தெளிவாகியுள்ளது. நம் ஊர்களில் இன்னும் கிரகணத்தையும் தோசத்தையும் சொல்கிறார்கள். கைப்பேசி கொடுத்துக் கெடுத்தாய் என்று மருமகளைச் சாடுகிறார்கள். 1998இல் தடுப்பூசியின் மீது பழி சுமத்தி வந்த ஒரு மருத்துவக் கட்டுரையை, அதை வெளியிட்ட இலண்டன் இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பழி மட்டும் திரும்பப் பெறப்படாமல் இன்றும் உலவுகிறது.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் கேட்ட முதல் கேள்வி, பாவம் செய்தது இவரா இவருடைய பெற்றோரா என்பது. இயேசு இருவருமில்லை என்றார். அந்தப் பதிலை நாம் பல மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அதே அதிகாரத்தில் பின்னால் வரும் ஒரு காட்சியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பெற்றோரை அழைத்து விசாரிக்கிறார்கள். அவர்களோ, மகன் வயது வந்தவன், தன்னைப் பற்றி அவனே சொல்லட்டும் என்று விலகிக்கொள்கிறார்கள். தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவிடுவார்களோ என்ற அச்சத்தால் அப்படிச் சொன்னார்கள் என்று நற்செய்தியாளர் வெளிப்படையாக எழுதுகிறார். அது கோழைத்தனம்தான். ஆனாலும் அந்தக் கோழைத்தனமான வாயிலிருந்து ஓர் உண்மை வந்துவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது: ஒருவரைப் பற்றிய செய்தியில் அவருக்கே முதல் உரிமை.

பேச்சே வராத பிள்ளைக்கு அந்த உரிமையை எப்படிக் கொடுப்பது? ஆட்டிசம் உடையோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மிகுதியானோருக்கோ பேச்சு மிகக் குறைவாகவே வாய்க்கிறது என்று கணக்கிடுகின்றனர். இந்த இடைவெளியில் அன்பு எவ்வளவு தவறிழைக்கக்கூடும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் தோன்றி, 1990 முதல் அமெரிக்காவில் வேகமாகப் பரவிய ஒரு முறையில், பேசாத பிள்ளையின் கையை ஒருவர் தாங்கிப் பிடிக்க, பிள்ளை எழுத்துப் பலகையில் எழுத்துகளைத் தொட்டுச் சொற்களை உருவாக்கும். பல ஆண்டுகள் வாய் திறவாத பிள்ளைகள் திடீரென்று, அம்மா உன்னை நேசிக்கிறேன் என்று எழுதினார்கள். வீடுகளில் ஆனந்தக் கண்ணீர் பெருகியது. பிறகு சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படத்தையும் கை பிடிப்பவருக்கு வேறொரு படத்தையும் காட்டினார்கள். பலகையில் வந்த சொல், கை பிடித்தவர் கண்ட படத்தின் பெயர். கை பிடித்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தங்கள் கைதான் எழுதுகிறது என்று அவர்களே அறியவில்லை. இந்த முறைக்கு அறிவியல் சான்றில்லை என்று அமெரிக்க உளவியல் கழகம் 1994இல் அறிவித்தது. அதற்குள் அப்படி எழுதப்பட்ட சொற்களை நம்பிச் சில பெற்றோர் மீது கொடிய குற்றச்சாட்டுகள் எழுந்து வழக்குகள்கூட நடந்தன. அந்தத் தாய் கேட்ட வரியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அன்புள்ள ஒரு கை, மகனின் கையைப் பிடித்து எழுதப் பார்த்தது.

இந்தக் குடும்பங்களுக்கு மெய்யான செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பெரும்பாலும் பெற்றோரே. இலண்டனில் 1962இல் பெற்றோர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். நம் நாட்டில் மெரி பரூவா என்ற தாய், தம் மகனுக்காகத் தேடி அலைந்து, 1991இல் தில்லியில் ஆக்சன் ஃபார் ஆட்டிசம் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1994இல் அதன் பள்ளியும் இதழும் பிறந்தன. ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டறியாத மருத்துவர்களே மிகுதியாக இருந்த காலம் அது. உங்கள் வீட்டில் நடப்பது எங்கள் வீட்டிலும் நடக்கிறது என்று ஒரு தாள் வந்து சொல்வது எத்தகைய செய்தி! சட்டமும் மெல்லத்தான் வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்தொரு வகைகளுள் அதுவும் ஒன்றாயிற்று. பதினெட்டு வயது நிரம்பியதும் பெற்றோர் தாமாகவே சட்டப் பாதுகாவலராக நீடிப்பதில்லை என்பதும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம் என்பதும் நம் பங்குகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? முதற் பக்கத்து அச்சு வரிகளை நாம் சாதாரணமாக எண்ணிவிடலாகாது.

அதே முதற் பக்கத்தில் ஒரு முறை, அரசுப் படிவத்தில் உள்ளபடி, 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடர் வந்திருந்தது. ஆட்டிசத்துக்கு அப்படி ஒரு தமிழ். கிரேக்கத்தில் 'தான்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஒயிகன் புளூலர் என்ற சுவிஸ் மருத்துவர், 1911ஆம் ஆண்டளவில், வேறொரு மனநோயை விளக்க உருவாக்கிய பெயர் அது. அதைத் தமிழாக்கியவர்களுக்கு நல்லெண்ணம் இருந்திருக்கும். எனினும் ஆசிரியை அந்தத் தொடரின் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். காரணம் கேட்டபோதுதான் மீதிக் கதையைச் சொன்னார்.

தாய் வந்து கேட்ட அன்று அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்றார். அதன்பின் மூன்று நாள் அந்தச் சிறுவனை, எதையும் கற்பிக்க முயலாமல், வெறுமனே கவனித்தார். நான்கு ஆண்டு பழகிய பிள்ளையைப் புதிதாகப் பார்ப்பது கடினம் என்கிறார். என்ன வளர்ச்சி, என்ன முன்னேற்றம் என்றே பார்த்துப் பழகிய கண்ணுக்கு மற்றவை தெரிவதில்லையாம். இது நமக்கும் பொருந்தும். பங்கு மலரில் நாம் அச்சிடுவது என்ன? பட்டம் பெற்றவர்கள், வெள்ளிவிழா கண்டவர்கள், முதல் மதிப்பெண் எடுத்தவர்கள். நிற்க.

பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. சாலையில் லாரி வருவதற்கு முன்பே, வேறு யாருக்கும் ஓசை கேட்கும் முன்பே, அவன் எழுந்து சன்னலுக்குப் போகிறான். கம்பியில் உள்ளங்கையை வைக்கிறான். வண்டி கடக்கும்வரை கம்பி அதிர்கிறது; அவன் அசையாமல் நிற்கிறான். பிறகு வந்து உட்கார்ந்துகொள்கிறான். பாடத்தைக் கெடுக்கும் பழக்கம் என்று எண்ணி, நான்கு ஆண்டுகளாக அவனைச் சன்னலிலிருந்து இழுத்துவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை ஆசிரியை இழுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றார். சிறிது நேரம் கழித்து ஒரு லாரி வந்தது. அவன் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய கையை எடுத்து, கம்பியின் மேல் வைத்தான்.

மாதத் தாளில் அவர் எழுதிய வரிகள் இவை: "இன்னும் பேசவில்லை. லாரி வரும்போது சன்னல் கம்பியில் கை வைத்து அதிர்வை உணர்கிறான். வியாழக்கிழமை என் கையையும் எடுத்துக் கம்பியில் வைத்தான்."

தாய் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து எடுத்துச் சென்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது என்றுதான் ஆசிரியை சொன்னார். பொய்யை மறுத்ததற்காக அவருக்கு அன்று எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. பள்ளியை நிறுத்தும் பேச்சு அந்த மாதம் எழவில்லை. இரண்டு மாதம் கழித்து மீண்டும் எழுந்தது, இன்னும் முடியவில்லை.

ஆனால் அந்தத் தாள் திரும்பி வந்தபோது, வழக்கமாகக் கையெழுத்து மட்டுமே இருக்கும் வீட்டுச் செய்திப் பகுதியில் பென்சிலால் எழுதியிருந்தது. அன்றிரவு தொலைபேசியில் வரிகளைக் கேட்டு முடித்த தந்தை, பேசினானா என்று கேட்கவில்லை. வெகுநேரம் மௌனமாக இருந்திருக்கிறார். பாறையில் துளையிறங்கும்போது இரும்பின் நடுக்கத்தைக் கையால் உணர்ந்து, கீழே கல்லா மண்ணா நீரா என்று சொல்லும் தொழில் அவருடையது. தாய் எழுதியிருந்தது இதுதான்:

"அவங்கப்பா கேக்கச் சொன்னாரு. அவன் கை வைக்கிறது லோடு வண்டிக்கா, காலி வண்டிக்கா? ரெண்டுக்கும் அதிர்வு வேற வேறயாம். பாத்துச் சொல்லுங்க டீச்சர்."

ஆசிரியை இப்போது ஒரு சிறு நோட்டை அந்தச் சன்னலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.